ஜெர்மானியக் கேடயம் செய்ய: எந்த நூற்றாண்டு, எந்தப் பலகை, எந்தப் பசை?

கேடயத்துக்குத் தமிழில் பழம்பெயர்கள் பல. தோல் என்றார்கள், கிடுகு என்றார்கள், பலகை என்றும் சொன்னார்கள். பெயரைக் கேட்டாலே எதனால் செய்தது என்று தெரிந்துவிடும். பண்டைய ஜெர்மானியக் குடிகளின் கேடயத்துக்கு இவற்றில் பொருந்துவது பலகைதான். அவர்கள் வழிவந்த மொழியிலும் அப்படியே. பழைய ஆங்கிலச் செய்யுள்களில் ‘போர்ட்’ (பலகை), ‘லிண்ட்’ (லிண்டன் மரம்) இரண்டுமே கேடயத்துக்குப் பெயர்.

ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸ் தன் வீரர்களிடம் பேசியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஒரு பேச்சை எழுதிவைத்திருக்கிறார். எதிரிகளான ஜெர்மானியரின் கேடயத்தில் இரும்புக் கட்டும் இல்லை, நரம்புக் கட்டும் இல்லை. முடைந்த தட்டி, அல்லது சாயம் பூசிய மெல்லிய பலகை, அவ்வளவுதான் என்கிறது அந்தப் பேச்சு. வீரர்களுக்குத் தைரியம் ஊட்டச் சொன்ன ஏளனம் அது. ஆனால் கேடயம் செய்ய உட்காருகிறவருக்கு இதைவிடச் சுருக்கமான அளவுக்குறிப்பு கிடைக்காது. பழங்காலப் போர்களை நடித்துக்காட்டும் மீள்நிகழ்த்தல் களங்களில் காணும் கேடயங்கள் பெரும்பாலும் இந்த ‘மெல்லிய’ என்ற சொல்லில்தான் சறுக்குகின்றன. 12 மி.மீ. பிளைவுட், மேலே மாட்டுத்தோல், சுற்றி இரும்புப் பட்டை என்று சேர்ந்து எடை 7 கிலோவுக்குப் போய்விடும். அதைத் தூக்கிக்கொண்டு அரைமணி நேரம் வரிசையில் நின்றால், அது எதைப் போல இல்லை என்பது தோளுக்குத் தெரியும்.

மரக்கடைக்குப் போகும் முன் முடிவு செய்யவேண்டியது காலம். ‘ஜெர்மானியக் கேடயம்’ என்று ஒரே கேடயம் கிடையாது. ஏறக்குறைய 600 ஆண்டு இடைவெளியில் மூன்று தெரிவுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் உள்ள ஆதாரம் மூன்று வகை.

முதலாவது, டென்மார்க்கின் ஆல்ஸ் தீவில் உள்ள ஹியோர்ட்ஸ்பிரிங். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஒரு படகையும் தோற்ற படையின் ஆயுதங்களையும் சதுப்பில் காணிக்கையாக இட்டிருக்கிறார்கள். 1921-22இல் தோண்டினார்கள். மரம் அப்படியே கிடைத்த இடம் இது. கேடயங்கள் நீள்சதுரம், மூலைகள் உருண்டவை. ஒரே பலகையிலோ சில பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டியோ செய்தவை. நடுவில் கையைக் காக்கும் குமிழும் மரம்தான். நூல் சுற்றிய கதிர்போல இரு முனையும் ஒடுங்கியிருக்கும். உலோகம் ஒரு துளிகூட வேண்டாம். கொல்லர் பட்டறை வசதி இல்லாதவருக்கு இதுவே நல்ல வழி. ஆனால் ‘ஜெர்மானியர்’ என்றதும் பார்வையாளர் எதிர்பார்க்கும் உருவம் இது அல்ல. ரோமானியர் வரும் எந்த நிகழ்ச்சிக்கும் காலம் பொருந்தாது.

இரண்டாவது, கி.பி. 1-ஆம் நூற்றாண்டு. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லீஜன்கள் (படையணிகள்) அழிந்த போர், அதோடு இணைத்துப் பேசப்படும் வடமேற்கு ஜெர்மனியின் கால்க்ரீசே, அங்கே நடக்கும் ரோமானியர்-ஜெர்மானியர் விழா ஆகியவற்றால் ஆட்கள் அதிகம் கேட்பது இந்தக் காலத்தைத்தான். சிக்கல் என்னவென்றால், இக்காலத்துச் சான்று பெரும்பாலும் எரித்துப் புதைத்த கல்லறைகளிலிருந்து வருகிறது. பிணத்தோடு கேடயமும் தீயில் போய்விடும். மிஞ்சுவது இரும்புக் குமிழ், கைப்பிடி, விளிம்புத் துண்டுகள், ஆணிகள். பலகையின் வடிவத்தை விளிம்புத் துண்டுகளின் வளைவிலிருந்தும் ரோமானியச் சிற்பங்களிலிருந்தும் ஊகிக்கவேண்டியிருக்கிறது. அறுகோணமா, நீள்வட்டமா, நீள்சதுரமா என்ற வாதம் எந்தக் குழுவிலும் ஓயாது. இக்காலத்துக் குமிழ்கள் பலவற்றின் உச்சியில் நீளமான முள் வேறு நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அழகு, ஆனால் மோதும் களத்தில் எந்தப் பாதுகாப்புப் பொறுப்பாளரும் அதை அனுமதிக்கமாட்டார்.

மூன்றாவது, கி.பி. 200-ஐ ஒட்டிய இல்லெரூப் ஓடால், தோர்ஸ்பெர்க் ஆயுதத் தொகுதிகள். இல்லெரூப் டென்மார்க்கின் யூட்லாந்தில் இருக்கிறது; 15,000-ஐ நெருங்கும் பொருள்கள் கிடைத்த இடம். அந்த ஏரிப்படிவில் இரும்பு நன்றாகத் தங்கியிருக்கிறது. வட ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் பக்கத்துத் தோர்ஸ்பெர்க்கை 1858-61இல் தொல்லியலாளர் எங்கல்ஹார்ட் தோண்டினார். அங்கே கதை தலைகீழ். அமிலச் சதுப்பு இரும்பைத் தின்றுவிட்டு, துணியையும் தோலையும் மரத்தையும் விட்டுவைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வட்டக் கேடயத்தின் எல்லாப் பாகத்துக்கும் அசல் சான்று கையில் இருக்கும். இல்லெரூப் பொருள்கள் ஓர்ஹூஸ் அருகே மோஸ்கார்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. தோர்ஸ்பெர்க் பொருள்கள் ஷ்லெஸ்விக்கின் காட்டோர்ஃப் கோட்டையில், ஹியோர்ட்ஸ்பிரிங் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில்.

முதல் கேடயம் செய்கிறவருக்கு மூன்றாவதையே சொல்வோம். வட்டம் வெட்டுவது எளிது, அரைக்கோளக் குமிழ் விலைக்குக் கிடைக்கிறது, ஊகிக்கவேண்டிய பாகம் மிகக் குறைவு. இங்கிருந்து கீழே உள்ளதெல்லாம் 90 செ.மீ. வட்டக் கேடயத்தை மனதில் வைத்து எழுதியது. ஒரு எச்சரிக்கை: வைக்கிங் கேடயத்தை எடுத்துப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கவேண்டாம். நார்வேயின் கோக்ஸ்டாட் கப்பலில் கிடைத்த 64 கேடயங்கள் கி.பி. 900-ஐ ஒட்டியவை. இல்லெரூப்புக்கும் அவற்றுக்கும் இடையே 700 ஆண்டுகள். பின்புறம் விட்டம் முழுக்க ஓடும் நீளச் சட்டமே கைப்பிடியாக இருப்பது அந்தப் பிற்கால முறை. இல்லெரூப் கைப்பிடி குட்டையானது.

அடுத்த கேள்வி, இந்தக் கேடயம் அடி வாங்கப்போகிறதா என்பது. இதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னால் பாதிப் பணம் மிச்சம். அசல் கேடயம் வெட்டை நேருக்கு நேர் தாங்குவதற்கு அல்ல, திசைதிருப்புவதற்கு. ஒரு போருக்கு உழைத்தால் போதும், உடைந்தால் வேறு. மீள்நிகழ்த்துபவரோ ஒரே கேடயத்தோடு ஆண்டுக்கு ஆறு வாரக் கடைசிகள், மழுங்கிய எஃகு வாளின் அடியை வாங்குகிறார். மழுங்கிய வாள் மரத்தை வெட்டாது, நசுக்கும். 5 மி.மீ. விளிம்பு ஒரே நாளில் எலி கடித்ததுபோல் ஆகிவிடும். எனவே காட்சிக்கு ஒன்று, மோதலுக்கு ஒன்று என இரண்டு செய்வதுதான் சரி. இரண்டையும் ஒன்றில் அடக்கப் பார்த்தால், பார்க்கவும் தவறாக, தூக்கவும் பாரமாக ஒரு பொருள்தான் மிஞ்சும்.

மரத்துக்கு வருவோம். லிண்டன் சிறந்தது. நார் மென்மையாகவும் சீராகவும் இருப்பதால் எளிதில் பிளக்காது, இழைப்புளிக்கும் இணக்கம். காய்ந்த எடை கன செ.மீ.க்கு 0.53 கிராம் அளவு. ஆல்டர் அதே எடை. ஈரத்தைச் சற்று நன்றாகத் தாங்கும், ஆனால் அகலப் பலகை கிடைப்பது கடினம். பாப்லர் 0.43 முதல் 0.45; மூன்றிலும் இலேசு, மலிவு, ஆனால் மேற்பரப்பு பஞ்சுபோல் எழும்பும், ஆணிப்பிடிப்பும் குறைவு. பைன் மரத்தைத் தவிர்க்கவும். முடிச்சு இருக்கும் இடமெல்லாம் உடையும், பிசின் சாயத்தைத் தள்ளிவிடும். ஓக் 0.70. உறுதியான மரம்தானே என்று தேர்ந்தெடுப்பவர்கள் மறப்பது, அது நார்வழியே எளிதில் பிளக்கும் மரம் என்பதை. வேலிக்கு ஓக்கைப் பிளந்துதானே பலகை எடுத்தார்கள்?

மரத்தைவிட முக்கியம் தடிமனும் அதன் ஓட்டமும். சீராக 10 மி.மீ. வைத்தால் லிண்டன் பலகை மட்டும் 3.4 கிலோ. நடுவில் 10, விளிம்பில் 5 என்று பின்புறத்திலிருந்து இழைத்துச் சரித்தால் 2.5 கிலோ. குறையும் எடை முழுக்க விளிம்புப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் இதில் விசேஷம். கையைச் சுற்றித் திருப்பும்போது பாரமாகத் தெரிவது விளிம்புதான். தராசில் ஏறக்குறைய ஒரு கிலோ வித்தியாசம், மணிக்கட்டில் அதைவிட அதிகம். முன்புறத்தைச் சரிக்கவேண்டாம், குமிழ் உட்கார அது தட்டையாக இருக்கவேண்டும். பின்புறத்திலும் நடுவில் 30 செ.மீ. வட்டத்தைத் தொடாமல் விட்டு, அதற்கு வெளியே சரிவைத் தொடங்கவும்.

6 முதல் 8 பலகைகள், ஒவ்வொன்றும் 11 முதல் 15 செ.மீ. அகலம். நடுக்கோட்டில் இணைப்பு வராமல் ஒரு முழுப்பலகை வருமாறு வைக்கவும், இல்லையென்றால் கைத்துளை (குமிழுக்குப் பின்னால் கை நுழையும் துளை) அந்த இணைப்பையே தின்றுவிடும். மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கவும். மற்ற பலகைகள் காய்ந்தபின் ஓடுபோல் குழியும். அப்படிப்பட்டவைதான் கையில் இருக்கின்றன என்றால் ஒன்று மாற்றி ஒன்று கவிழ்த்து வைத்து ஒட்டலாம். மொத்தமாக வளையாது, அலை அலையாக நிற்கும், அதை இழைத்துவிடலாம்.

மரம் அசையும் என்பதை மறக்கவே கூடாது. வெப்பமூட்டிய வீட்டில் குளிர்காலத்தில் மரத்தின் ஈரம் 8 சதவீதம் என்றால், ஈரமான முகாமில் சில நாளில் 12 ஆகும். அந்த 4 சதவீதத்துக்கு 90 செ.மீ. கேடயம் நாருக்குக் குறுக்கே 7 முதல் 10 மி.மீ. விரியும். நார்வழியே அசைவே இல்லை. அதாவது வட்டமாக வெட்டியது கோடையில் ஒரு வடிவம், மாரியில் ஒரு வடிவம். ஒரே நீளமான உலோக வளையத்தை விளிம்பில் இறுக்கி ரிவெட் அடித்தவர்களின் பலகை நடுவே வெடிப்பதற்கு இதுதான் காரணம். மரத்தின்மேல் பழி போட ஒன்றுமில்லை.

பிளைவுட் பற்றி. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியதால் அசையாது, பிளக்காது, வார இறுதியில் வேலை முடியும். அடுக்குப் பலகை ‘பண்டைய முறைதானே’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. யூப்ரடீஸ் கரையில் துரா-யூரோபோஸில் கிடைத்த 3-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கேடயம் மெல்லிய மரப்பட்டிகளை அடுக்கி ஒட்டியதுதான். ஆனால் அது ரோமானியர் முறை. ஜெர்மானியச் சதுப்புகளில் வருவது ஓரடுக்குப் பலகை. எனவே காட்சிக் கேடயத்துக்குப் பிளைவுட்டை ஏற்கமாட்டோம், மோதல் கேடயத்துக்கு அதைவிட வேறெதையும் சொல்லமாட்டோம்.

மோதலுக்கு பிர்ச் பிளைவுட் 6.5 மி.மீ. எடுத்தால் பலகை 2.8 கிலோ, 9 மி.மீ. எடுத்தால் 3.9. பாப்லர் பிளைவுட் 8 மி.மீ. 2.2 கிலோதான், ஆனால் ஈட்டி முனை பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். இருபுறமும் லினன் ஒட்டினால் தாக்குப்பிடிக்கும். 6.5 பிர்ச்சும் இருபுற லினனும் போதும். 9 என்பது பயத்தில் வாங்குவது. நீரைத் தாங்கும் பசையில் ஒட்டிய வெளிப்புறத் தரமா என்று கடையில் கேட்டு வாங்கவும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். வேண்டாம்: பாரம், நனைந்தால் பன்போல் ஊதும், ரிவெட்டைச் சுற்றி உதிரும்.

பலகைகளை ஒட்டும் பசைக்கு மூன்று தெரிவு. வச்சிரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசை, தச்சர்களுக்குப் பழக்கமானது. குருணையை எடையில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60-65 டிகிரியில் உருக்கவேண்டும். கொதித்தால் வலு போய்விடும். பிடிப்பு அபாரம். இரண்டு குறைகள் உண்டு: ஒரு நிமிடத்துக்குள் கிளாம்ப் போடாவிட்டால் உறைந்துவிடும், மழையில் இளகும். எட்டுப் பலகையை ஒரே மூச்சில் ஒட்டமுடியாது. இரண்டிரண்டாகச் சேர்க்கவேண்டும், பலகை ஓரத்தையும் முன்கூட்டிச் சூடாக்கவேண்டும்.

பால்கட்டிப் பசை இதற்கு மாற்று. கொழுப்பு நீக்கிய குவார்க் (மென்மையான பால்கட்டி) அளவில் 5 பங்கு, நீற்றுச் சுண்ணாம்பு 1 பங்கு. கலக்கக் கலக்கக் கட்டி கரைந்து தேன்போல் இளகும். 15 நிமிடம் ஆறவிட்டுப் பூசலாம். ஓரிரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. காய்ந்தபின் மழைக்கு வச்சிரத்தைவிட நன்றாக நிற்கும். குவார்க்கில் கொழுப்பு இருந்தால் பிடிப்பு குறையும், ஆகவே பெட்டியின் மேல் பார்த்து வாங்கவும். சுண்ணாம்பு கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது, கையுறை போடவும். ஓக்கில் பட்டால் கறுக்கும், லிண்டனில் பெரிதாகத் தெரியாது. காட்சிக் கேடயத்துக்கு எங்கள் கை போவது இதற்குத்தான்.

மூன்றாவது, நீரைத் தாங்கும் டி-3 தர வெள்ளைப் பசை. வெளியே தெரியாது, மோதலில் இணைப்பு விலகாது. பள்ளிக்கூட வெள்ளைப் பசையை இதோடு குழப்பவேண்டாம். அது முதல் மழையிலேயே பாலாகிவிடும். எந்தப் பசையானாலும் இணைப்பின் உயிர் ஓரத்தை இழைப்பதில்தான் இருக்கிறது. இரண்டு ஓரங்களையும் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒளி கசியக்கூடாது. இடைவெளியை கிளாம்ப் அழுத்தி மூடிவிடும் என்று நம்பினால், முதல் கோடையில் அதே இடம் திறக்கும். கிளாம்ப் 20 செ.மீ.க்கு ஒன்று, மேலும் கீழும் மாற்றி மாற்றி. வட்டமும் கைத்துளையும் பசை முழுதாகக் காய்ந்த பிறகுதான் வெட்டவேண்டும்.

முகத்தின் மேல் என்ன போடுவது? வெறும் மரத்தில் சாயம், லினன், தோல் ஆகிய மூன்றில் டாசிட்டஸின் சொல்லுக்கு நெருக்கம் முதலாவது. காட்சிக் கேடயத்துக்கு அதுவே போதும். தோலின்மேல் ஆசைப்படுகிறவர்கள் கணக்குப் பார்க்கவேண்டும்: 1.5 மி.மீ. பதனிட்ட தோல் முன்புறம் மட்டும் ஏறக்குறைய 850 கிராம். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் அது காயும்போது பலகையைத் தன் பக்கம் இழுத்துக் கிண்ணமாக்கிவிடும். லினனுக்கும் இதே விதி. இருபுறமும் ஒரே நாளில் ஒட்டவும். சதுர மீட்டருக்கு 200-220 கிராம் துணி, வெந்நீரில் ஒருமுறை துவைத்துச் சுருக்கியது. பசையோடு சேர்த்து இருபுறத்துக்கும் அரை கிலோவுக்குச் சற்று மேல் எடை கூடும்.

விளிம்புக்குப் பித்தளைப் பட்டையா, பச்சைத்தோலா (பதனிடாத தோல்)? இல்லெரூப்பிலும் தோர்ஸ்பெர்க்கிலும் U வடிவில் மடித்த வெண்கல விளிம்புகள் உண்டு. காட்சிக்கு அதைச் செய்யலாம். அரை மி.மீ. தகடு, விரித்த அகலம் 2 செ.மீ., மொத்த நீளம் 2.85 மீட்டர், எடை கால் கிலோ. 5 அல்லது 6 துண்டுகளாக, துண்டுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு ரிவெட் அடிக்கவும். மேலே சொன்ன மர அசைவுக்கு அந்த இடைவெளிதான் மூச்சு. மோதல் கேடயத்தில் உலோக விளிம்பு வேண்டாம். வாள் பட்ட இடத்தில் தகடு கிழிந்து நிமிர்ந்து நிற்கும், பக்கத்தில் நிற்பவரின் முழங்கையை அது தேடிப்போகும்.

பச்சைத்தோல் என்றால் 4-5 செ.மீ. அகலப் பட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, விளிம்பில் மடித்துத் தைப்பது. விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே, இரண்டரை செ.மீ.க்கு ஒரு துளை. ஏறக்குறைய 110 துளைகள் வரும். துளையைப் பட்டை போடும் முன்பே மரத்தில் இட்டுவிடவும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ஈரத்தோலை முறுக்கி இழுத்துத் தைப்பது. காயும்போது அது தானாகவே சுருங்கி இறுகும். இழுத்தும் தைத்தால் 5 மி.மீ. விளிம்பு சிப்ஸ்போல் வளையும். தளர்வாகத் தைத்து, தட்டையான பரப்பில் கவிழ்த்து, மேலே எடை வைத்து, நிழலில் மூன்று நாள். நாய்கள் கடிக்க விற்கும் பெரிய பச்சைத்தோல் எலும்பை ஊறவைத்துப் பிரித்தால் பட்டை கிடைக்கிறது என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வேலைக்கு ஆகும், ஆனால் துண்டுகள் குட்டை, இணைப்புகள் அதிகம். சில வகை வெளுத்து, மசாலா பூசி வரும்; அவை எளிதில் கிழியும், முகாம் நாய்களும் சும்மா இருக்காது.

குமிழில் அளவு தவறினால் கை தப்பாது. உள்விட்டம் 12 செ.மீ., ஆழம் 7 செ.மீ., வெளிவிட்டம் இதழோடு (சுற்றியுள்ள தட்டை விளிம்பு) சேர்த்து 16. வெறும் கைக்கு இது போதும். பஞ்சு வைத்த கையுறை போட்டு மோதுபவருக்கு உள்விட்டம் 13 முதல் 13.5 வேண்டும். வாங்கும் முன் கையுறையோடு முட்டியை உள்ளே வைத்துத் திருப்பிப் பார்க்கவும். முட்டி தகட்டைத் தொட்டால் அடி நேராக எலும்புக்கு வரும். கடையில் ‘பொதுவான’ குமிழ் என்று விற்பது பெரும்பாலும் வைக்கிங் காலச் சாயல். மேடு தாழ்வாக, இதழ் அகலமாக இருக்கும்.

சொந்தமாக அடிப்பதென்றால் 20 செ.மீ. வட்டத் தகடு எடுக்கவும். காட்சிக்கு 1.5 மி.மீ. (முடிந்தபின் 370 கிராம்), மோதலுக்கு 2 மி.மீ. (490 கிராம்). மரக்குழியில் வைத்து விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அடித்து, தகடு விறைக்கும்போதெல்லாம் செந்நிறத்துக்குக் காய்ச்சி ஆறவிடவேண்டும். உச்சியை மட்டுமே அடித்துக்கொண்டிருந்தால் அங்கே தகடு தாளாகி ஓட்டை விழும், அடி வாங்கப்போவதும் அதே உச்சிதான். ஹியோர்ட்ஸ்பிரிங் வழியில் போகிறவர்கள் மரக்குமிழை ஆல்டரிலோ லிண்டனிலோ குடையலாம். சுவர் 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது, மோதலுக்கு அது ஆகாது.

ரிவெட்டின் நீளத்துக்கு ஒரு கணக்கு. இதழ் 1.5, பலகை 10, பின்னால் வாஷர் 1.5, மொத்தம் 13. 4 மி.மீ. தண்டுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 6 மி.மீ. வெளியே நீட்டவேண்டும். ஆக 19. அதிகம் விட்டால் தலை கட்டுவதற்குள் தண்டு மரத்துக்குள் வளைந்து பலகையைப் பிளக்கும். பலகை இணைப்பின் மேல் எந்த ரிவெட்டும் விழக்கூடாது. வாஷர் இல்லாமல் அடித்தால் ரிவெட் தலை மென்மரத்துக்குள் புதைந்து ஒரே மாதத்தில் குமிழ் ஆடும்.

கைப்பிடி பலகைகளுக்குக் குறுக்கே போகவேண்டும். ஆஷ் மரம், 25 முதல் 30 செ.மீ., பிடிக்கும் இடத்தில் 3 செ.மீ. அகலம், முனைகளில் தட்டையாகி மரத்தோடு படியும். அதன்மேல் இரும்பு அல்லது வெண்கலக் கவசத் தகடு. இல்லெரூப்பில் ஒரு வெள்ளிக் கைப்பிடித் தகட்டில் ‘நிதியோ தாவிதே’, நிதியோ செய்தான், என்று பழைய ஜெர்மானிய எழுத்தான ரூனில் வெட்டியிருக்கிறது. செய்தவர் பெயரைப் பின்புறத்தில் போட்டுக்கொள்ள இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டாம். வெள்ளிக் குமிழ் மட்டும் எல்லோருக்கும் இல்லை. இல்லெரூப்பில் பெரும்பான்மை இரும்பு, கொஞ்சம் வெண்கலம், விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வெள்ளி. குழுவில் பத்துப் பேரும் தலைவன் கேடயத்தோடு வந்து நின்றால் அந்தப் படையில் சண்டை போட ஆளில்லை.

சாயத்தில் டாசிட்டஸ் மறுபடி உதவுகிறார்: இவர்களுக்கு அலங்காரத்தில் நாட்டமில்லை, கேடயத்தை மட்டும் மிகத் தேர்ந்த நிறங்களால் வேறுபடுத்துகிறார்கள் என்கிறார். ஹாரீ என்ற குடி கறுப்புக் கேடயத்தோடு இருட்டில் போருக்கு வரும் என்றும் எழுதுகிறார். செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக்கரி, சுண்ணவெள்ளை போதும். மத்திய ஜெர்மனியின் கொம்மெர்ன் என்ற ஊரில், 3-ஆம் நூற்றாண்டுத் தலைவன் ஒருவனின் கல்லறைக் கேடயத்தில் சாதிலிங்கமும் எகிப்திய நீலமும் இருந்தன. சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். அதைத் தூளாக வாங்கி உப்புத்தாள் தேய்க்கும் அறையில் கலக்கவேண்டாம், அதே நிறத்தில் நஞ்சில்லாத தூள் கிடைக்கிறது. பால்கட்டிச் சாயம் ஒரே நாளில் காய்ந்து மங்கலாக அழகாக இருக்கும், மேலே மெல்லிய ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் நனைந்து கறை படியும். எண்ணெய்ச் சாயம் மழைக்கு நல்லது, மெல்லிய மூன்று பூச்சுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயவைக்கவும்.

உருவங்களில் கவனம். இணையத்தில் கிடைக்கும் அழகான கேடயச் சின்னங்கள் பல, பிற்கால ரோமானியப் படைப்பிரிவுகளுடையவை. ஸ்வஸ்திகம் ஜெர்மானியத் தொல்பொருள்களில் உண்மையாகவே உண்டு. நம் வீட்டு வாசலில் போட்டால் மங்கலம். ஜெர்மனியில் விழா மைதானத்தில் கேடயத்தில் போட்டு வந்தால், நாஜிச் சின்னங்களைத் தடுக்கும் குற்றவியல் சட்டம் 86a பிரிவைக் கொண்டு யாராவது விளக்கம் கேட்பார்கள். தொல்லியல் பேசி அங்கே ஜெயிக்கமுடியாது. ஒற்றை நிறம், அல்லது இரண்டு நிறப் பிரிப்பு, அதுவே கண்ணுக்கு எடுப்பு.

இப்படிச் செய்தால் காட்சிக் கேடயம் பலகை 2.5, குமிழ் 0.37, கைப்பிடி 0.2, விளிம்பு 0.2-0.25, சாயமும் ரிவெட்டும் 0.2 என்று ஏறக்குறைய 3.5 கிலோவில் நிற்கும். மோதல் கேடயம் 6.5 பிர்ச், லினன், 2 மி.மீ. குமிழ், பச்சைத்தோலோடு நாலரை. இதைத் தாண்டினால் எங்கே கூடியது என்று பாகம் பாகமாக நிறுத்துப் பார்க்கவும். அநேகமாகப் பசையிலோ விளிம்பிலோ இருக்கும்.

நிகழ்ச்சி முடிந்து நனைந்த கேடயத்தை நெருப்புப் பக்கம் சாய்த்து வைப்பது முகாமில் தினமும் நடக்கும் கொலை. சூடு பட்ட பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், காலையில் கேடயம் சட்டியாக இருக்கும். இரண்டு குச்சிகளின் மேல் கிடத்தி, இருபுறமும் காற்றுப்படி, கூடாரத்துக்குள் நிழலில் விடவும். வீட்டில் சுவரில் மாட்டுவதென்றால் கைப்பிடியில் தொங்கவிடவும், விளிம்பில் நிறுத்தவேண்டாம். அடுத்த நிகழ்ச்சிக்கு முன் குமிழை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆடினால் வாஷர் பக்கம் சுத்தியலால் இரண்டு தட்டு. விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவி, சிலாம்பு நின்றால் அரத்தால் தேய்த்து எண்ணெய் தொட்டுவிடவும்.